குலுங்காமல் நிறுத்தப் பழகுங்கள்: குமுளி மலை ஏறப்போகும் புது ஓட்டுநர்களுக்கு

கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பக்கம் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சோதனை சீக்கிரமே வந்துவிடும். "அதான் வண்டி ஓட்டப் பழகிட்டியேப்பா, அத்தையைக் கொண்டுபோய்க் குமுளியில விட்டுட்டு வந்துரு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். லோயர் கேம்ப் வரை பிரச்சினை இல்லை. பென்னிகுவிக் மணிமண்டபத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலை ஆரம்பித்துவிடும். ஒரு வளைவில் அத்தை எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுப்பார். அடுத்த வளைவில் கண்ணை மூடிக்கொள்வார். அதற்கடுத்த வளைவில் கவர் கேட்பார். "எனக்கு மலை ஒத்துக்காதுப்பா" என்று பழியையும் தன்மேலேயே போட்டுக்கொள்வார்.

என்னைக் கேட்டால், பாதிப் பேருக்கு ஒத்துக்கொள்ளாதது ஓட்டுகிறவரின் வலது கால். வளைவு வருவது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு அதற்குத் தயாராகிக்கொள்கிறது. பிரேக் எப்போது விழும் என்று பின்சீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? விட்டு விட்டு, வெடுக்கு வெடுக்கென்று பிரேக் விழுந்தால் எந்த வயிறும் புரளும்.

டிரைவிங் ஸ்கூலில் பிரேக்கை எப்போது அமுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். அதை எப்படி விட வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. சமதளத்தில் குலுங்காமல் நிற்கும் வித்தை முக்கால்வாசி விடுவதில்தான் இருக்கிறது. மலையில் பெடலைத் தொடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டிய கியரும் அதோடு சேர்ந்துகொள்கிறது. முதலில் சமதளம்.

அந்தக் கடைசி நொடி

ஒரே அழுத்தமாகப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திப் பாருங்கள். வேகம் குறையும்போது எல்லோரும் முன்னால் சாய்வார்கள். வண்டி நின்ற அந்தக் கணத்தில் எல்லோருடைய தலையும் பின்னால் போய் சீட்டில் இடிக்கும். நாம் குலுக்கல் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

காரணம் இதுதான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. முன்பக்க ஸ்பிரிங் அமுங்கி மூக்கு கீழே இறங்குகிறது. உட்கார்ந்திருப்பவர்களும் முன்னால் விழாமலிருக்கக் கழுத்தையும் முதுகையும் இறுக்கிக்கொள்கிறார்கள். சக்கரம் நின்ற நொடியில் வேகம் குறைகிற வேலை முடிந்துபோகிறது. முன்னால் தள்ளிக்கொண்டிருந்த விசை சட்டென்று மறைகிறது. அமுங்கிய ஸ்பிரிங் மேலே எழும்புகிறது, இறுக்கிய கழுத்து பின்னால் போகிறது. உடம்பு எவ்வளவு வேகத்திலிருந்து நின்றோம் என்று கணக்குப் பார்ப்பதில்லை. கடைசி நொடியில் எவ்வளவு அழுத்தம் மிச்சமிருந்தது என்பதைத்தான் பார்க்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பூப்போல நிறுத்தவும் முடியும், 10 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பல் மோத நிறுத்தவும் முடியும்.

இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. சக்கரத்தோடு சுழலும் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர், அதைக் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்தான் பிரேக் பேட்கள். பெரும்பாலான பேட்கள் வேகம் குறையக் குறையக் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும். காலை நீங்கள் அசைக்காமல் வைத்திருந்தாலும் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் பிடி தானாகக் கூடும். மழை நாளில் காலையில் போடும் முதல் பிரேக் இன்னும் வெடுக்கென்று பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே கால் அப்படியே இருந்தாலும் போதாது. கடைசியில் அது தளர்ந்தாக வேண்டும்.

உட்காருவது, செருப்பு, பாட்டில்

பிரேக் பெடலை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்திக்கொள்ளுங்கள். வலது குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும். விரல்களுக்குக் கீழே இருக்கும் அகலமான பகுதி பெடல்மேல் இருக்க வேண்டும். காலைத் தூக்கி முழங்காலால் மிதித்தால் நுணுக்கம் வராது. கணுக்கால் மடங்கி நிமிர்கிற அசைவில்தான் வரும். உயரம் குறைந்தவர்களுக்குக் குதிகால் எட்டாமல் போகலாம். அவர்கள் சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு, வார் அறுந்த செருப்பு இரண்டும் வேண்டாம். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வெறுங்காலோடு ஓட்டுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, பெடலின் உணர்வு நன்றாகவே தெரியும். ஆனால் ஈரக்காலோடு ஏறி உட்காராதீர்கள். ரப்பர் உறை தேய்ந்த பெடலில் ஈரக்கால் வழுக்கும். ஒரு துண்டை டிரைவர் கதவில் செருகி வைத்துத் துடைத்துக்கொண்டு ஏறுங்கள்.

அதைவிட முக்கியம், காலடியில் எதுவும் உருளக்கூடாது. தண்ணீர் பாட்டில் இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பெடல் இறங்காது. வண்டித் தரையில் விரிக்கும் மிதியடியும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மிதியடிக்கு மேல் இன்னொன்றைப் போட்டு அழகு பார்க்கிறவர்கள் உண்டு. மலைக்குப் போகும் வண்டியில் அதை எடுத்துவிடுங்கள்.

நூலில் ஒரு மணி

பழக ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலை வேண்டும். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய சாலைகள் இதற்குத் தோது. அறுப்புக் காலத்தில் மட்டும் பெட்டி ஏற்றும் வண்டிகள் நிற்கும், வேறு இடம் பாருங்கள்.

முன்கண்ணாடியில் ஏதோ ஒன்றைத் தொங்கவிடாத வண்டி நம் ஊரில் குறைவு. பழகும் நேரத்துக்கு அது பயன்படும். ஒரு சாண் நூலில் ஒரு சின்ன மணியையோ நட்டையோ கட்டி உள்கண்ணாடியில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்தால் நூல் முன்னால் சாயும். சாய்வு ஏறக்குறைய 10 பாகை இருந்தால் ஒவ்வொரு நொடியும் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர் குறைகிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமான பிரேக் இதுதான். 20 பாகைக்கு மேல் போனால் சீட்டில் வைத்த பை கீழே விழும். பழகி முடித்ததும் நூலை அவிழ்த்துவிடுங்கள். பார்வையை மறைக்கும் எதுவும் மலையில் வேண்டாம்.

1. 40 கிலோமீட்டர் வேகத்தில் வாருங்கள். எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கல், ஒரு மரம், எதுவானாலும் சரி. சுகமாக நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் என்றால் 80 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. இதை மனசில் பதித்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். உடனே பிரேக்குக்குத் தாவ வேண்டாம். வண்டி தானாக இளகட்டும்.

3. பெடலைத் தொடுங்கள். தொடுவதும் அமுக்குவதும் இரண்டு வேலை. பெடலில் முதலில் சும்மா இறங்கும் கொஞ்ச தூரம் உண்டு. அது முடிந்து பிடி ஆரம்பிக்கும் இடம் ஒவ்வொரு வண்டியிலும் வேறு. அங்கே ஒரு கணம் காலை நிறுத்தி, பிறகு மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். நூல் மெதுவாகச் சாய வேண்டும், துள்ளக்கூடாது.

4. பாதி வேகம் குறைவதற்குள் அதிகபட்ச அழுத்தம் முடிந்துவிட வேண்டும். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். ஆரம்பத்தில் தடவிக்கொண்டே வந்து, முன்னால் இருக்கும் வண்டி நெருங்கியதும் பதறி மிதிப்பார்கள்.

5. நடை வேகத்துக்கு வந்ததும் விட ஆரம்பியுங்கள். 5 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் ஒரு மீட்டர்தான் பாக்கி என்னும்போது மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் இருந்தால் போதும். வண்டி உருண்டு அடங்கும். சக்கரம் நின்ற பிறகு, வண்டி நகராமலிருக்க மறுபடி ஒரு அழுத்து.

நூல் பார்க்கிறவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வண்டி நின்ற பிறகு மணி பின்னால் ஆடியதா இல்லையா. ஆடாமல் நேராக வந்து நின்றால் தேறிவிட்டீர்கள்.

ஐந்தாவது படியில் எல்லோருக்கும் ஒரு பயம் வரும். விட்டால் முன்னால் போய் இடித்துவிடுமே என்று. அதனால்தான் நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு மீட்டர் முன்பாகவே நிற்பதாக மனசில் குறி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். விடும்போது தாண்டிப்போகிற தூரம் அந்த ஒரு மீட்டரில் அடங்கிவிடும்.

இது எல்லாம் நேரம் இருக்கும்போது செய்கிற வித்தை. குறுக்கே பிள்ளையோ மாடோ ஓடிவந்தால் அத்தையின் வயிற்றைப் பற்றி யோசிக்காதீர்கள். ஏறி மிதியுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். முழு அழுத்தத்தில் பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அது செய்கிறது; ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும்.

கிளட்ச்சுக்கு அவசரம் என்ன?

நிறுத்த நினைத்ததுமே இடது காலால் கிளட்ச்சை அமுக்கிவிடுவது புதியவர்களின் முதல் பழக்கம். என்ஜின் அணைந்துவிடும் என்ற பயம். ஆனால் கிளட்ச் அமுங்கியதுமே என்ஜின் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த பிடி போய்விடுகிறது. வண்டி விடுபட்டு முன்னால் ஓடுவதுபோல் இருக்கும், அதற்கு ஈடுகட்ட பிரேக்கைக் கூட்டுவீர்கள். குலுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிரேக்கோடு வேகம் குறையட்டும். என்ஜின் முனக ஆரம்பிக்கும் தறுவாயில் கிளட்ச்சை அமுக்கினால் போதும். மற்ற நேரத்தில் இடது கால் பக்கத்துத் திண்டில் இருக்கட்டும்.

மலை இறக்கம்: ஏறின கியரிலேயே இறங்கு

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளை மாலையில் மலையிலிருந்து இறங்கும்போது கவனியுங்கள். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு கார். காரின் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே வரும். ஜீப்பின் விளக்கு வளைவுக்கு முன்னால் ஒருதடவை எரிந்து அணையும், அவ்வளவுதான். ஜீப் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்குகிறது. "பிரேக் பிடிக்காம எப்படிண்ணே எறங்குறீங்க?" என்று கேட்டால் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஏறின கியர்லயே எறங்கு தம்பி. வண்டியை அது பாத்துக்கும்."

இதிலுள்ள கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குமுளியைத் தாண்டி வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் போய் முண்டக்கயத்துக்கு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். எருமேலிக்குப் போகிற நம் ஐயப்ப பக்தர்களின் வழி இதுதான். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். வண்டியின் எடை அத்தனை உயரம் கீழே வருவதில் வெளிப்படும் ஆற்றல், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 தடவை வண்டியை நிறுத்துகிற ஆற்றலுக்குச் சமம். சின்னக் கார், பெரிய கார் என்ற பேதம் இதில் இல்லை, எடை இரண்டு பக்கமும் அடிபட்டுவிடும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யாராவது தாங்க வேண்டும். ஒன்று என்ஜின், இல்லையென்றால் நாலு சக்கரத்திலுள்ள பேடும், டிரம் பிரேக்கில் அதே வேலையைச் செய்யும் லைனரும்.

என்ஜின் தாங்கினால் சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். பேட் தாங்கினால் டிஸ்க் சூடேறும், பேடின் உராய்வு குறையும், அதே அழுத்தத்துக்கு முன்புபோல் பிடிக்காது. இன்னும் அழுத்துவீர்கள், இன்னும் சூடேறும். காந்தல் வாடை வந்தால் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் திரவம். டாட் என்பது அந்த ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உருவாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும், பிடி இருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். குறைந்திருந்தால் மேலே ஊற்றிவிட்டு அனுப்பும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. அது போதாது, பழையதை முழுக்க வெளியேற்றி, ஏர் எடுத்து, புதிது ஊற்றச் சொல்லுங்கள். மூடியில் எந்த டாட் என்று அச்சிட்டிருக்கும், அதையே ஊற்ற வேண்டும்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, நேரான இடத்தில் கியரைக் குறையுங்கள். ஏறும்போது இரண்டாவதில் ஏறிய இடத்தை இரண்டாவதில் இறங்குங்கள், மூன்றாவதில் ஏறியதை மூன்றாவதில். காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். வேகம் ஒரு அளவில் நின்றால் கியர் சரி. ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும். என்ஜின் சத்தம் போடுவதைக் கண்டு பதற வேண்டாம். என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாகோமீட்டரின் முள் சிவப்பைத் தொடாதவரை என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறமும் பிரேக் வேண்டியிருக்கும். அப்போது லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் நீங்கள் நினைத்ததைத் தாண்டியதும் உறுதியாக ஒருதடவை பிடித்து, தேவைக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து, முழுக்க விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். பின்சீட்டிலிருப்பவருக்கும் இதுதான் நல்லது, ஒரு பிரேக் எப்போது முடிந்தது என்று உடம்புக்குத் தெரியும்.

நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போதைய என்ஜின்கள் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜினை ஓட வைக்க எரிபொருள் செலவாகும். மிச்சம் என்று நினைப்பது செலவு. என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டினால் இன்னும் மோசம். உங்கள் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர், என்ஜின் தரும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. அணைத்த பிறகு ஓரிரு தடவை மிதிக்கிற அளவுக்குத்தான் மிச்சம் இருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது.

வளைவு, பேருந்து, பனி

கொண்டை ஊசி வளைவில் பிரேக் வேலை வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மிதித்தால் டயருக்கு இரண்டு வேலை. ஈரச் சாலையில் இரண்டையும் சேர்த்துச் செய்ய அதற்குத் தெம்பு போதாது. பின்சீட்டில் இருப்பவரும் முன்னாலும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறார். எலுமிச்சம்பழம் தோற்பது இங்கேதான்.

எதிரில் பேருந்து ஏறி வந்தால் வளைவுக்குள் நுழையாதீர்கள். அது முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். வளைவுக்கு இருபது முப்பது மீட்டர் முன்பே ஓரம்கட்டி நின்றுவிடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலும் இருக்கிறது, மலைக்காரர்களின் மரியாதையிலும் இருக்கிறது. மண்டல காலத்தில் சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் விடுவது வழக்கம். இரவெல்லாம் விழித்த ஓட்டுநர்கள் அப்போது உங்களோடு இறங்குவார்கள். பின்னால் வருகிறவருக்கு முன்கூட்டியே விளக்கு தெரியும்படி, பெடலைச் சீக்கிரம் தொட்டு நீளமாக நிறுத்துங்கள்.

இறக்கத்தில் நிற்கும்போது கடைசித் தளர்த்தல் கொஞ்சம்தான். முழுக்க விட்டால் வண்டி ஓடும். ஏற்றத்தில் நேர்மாறு. ஏற்றமே வண்டியை நிறுத்திவிடும், ஆக்சிலேட்டரை விட்டாலே போதும், வண்டி நிற்கும் கணத்தில் பிரேக்கை அமுக்கிப் பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கத் தாமதித்தால் பின்னால் ஒரு உருளல், பிறகு ஒரு குலுக்கல்.

பனி இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள், லோ பீம் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

பிடி குறைந்தால்

பெடல் மெத்தென்று ஆனாலோ வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று போகாதீர்கள். அப்போதே கியரைக் குறையுங்கள். பெடலை வேகமாக நாலைந்து தடவை அடித்தால் கொஞ்சம் பிடி திரும்பலாம். ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அமுக்கியபடியே மெல்ல மெல்ல இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் இறுகி வண்டி சுழலும். பட்டன் வகை ஹேண்ட் பிரேக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் பட்டனை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தால் வண்டி தானாக நிற்கும். எதுவும் முடியாவிட்டால் பாறைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள். பெயிண்ட் போனால் போகட்டும்.

வாடை மட்டும் வந்திருக்கிறது, பிடி இருக்கிறது என்றால் அகலமான இடமாகப் பார்த்து அரைமணி நேரம் நிறுத்துங்கள். நின்ற பிறகு கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் பெடல் அதிரும். ஆற்றுகிறேன் என்று தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்க்கலாம். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் சுரீரென்று சத்தம் வரும், டிஸ்க் கோணிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும்.

ஆட்டோமேட்டிக்கும் மின்சாரக் காரும்

ஆட்டோமேட்டிக் காரிலும் வலது கால்தான் பிரேக்குக்கு. இடது காலைப் பழக்காதீர்கள், அது கிளட்ச் மிதித்துப் பழகிய கால். டி-யிலேயே இறங்காமல் மேனுவல் நிலைக்கு மாற்றிக் கியரைக் குறையுங்கள், அல்லது எல் இருந்தால் அதைப் போடுங்கள். மின்சாரக் காரில் மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரியில் மின்சாரம் ஏற்றும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேலே மூணாறிலோ குட்டிக்கானத்திலோ 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, பல வண்டிகளில் மோட்டார் பிடி குறைந்துவிடும். இறங்குவதற்கு முன்னால் கொஞ்சம் காலியாக இருக்கட்டும்.

கால் சரி, வண்டி சரியில்லை என்றால்

நூல் சோதனையில் தேறியும் வண்டி குலுங்கினால் குற்றம் வேறெங்கோ. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் பெரும்பாலும் டிஸ்க் ஒரே தடிமனில் இல்லை. ஒரு பக்கமாக இழுத்தால் பேடை டிஸ்க்மேல் அமுக்கும் கேலிப்பர் ஒன்று இறுகியிருக்கலாம், டயர் காற்றிலும் வித்தியாசம் இருக்கலாம். முதலில் காற்றைப் பாருங்கள், அது செலவில்லாத வேலை. கீச்சென்ற சத்தம் தொடர்ந்து வந்தால் பேட் தேய்ந்ததைச் சொல்லும் தகடாக இருக்கலாம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன பேடை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. மழையில் நின்ற வண்டி காலையில் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரவென்றால் அது டிஸ்க்கில் பிடித்த மேல்துரு, தானே போய்விடும்.

பூஸ்டரை வீட்டிலேயே பார்க்கலாம். என்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் இறுகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள். காலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், குமுளிக்கு அல்ல.

பேட் மாற்றுவதாக இருந்தால் பயணத்துக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்த 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும்; அதுவரை பிடி முழுசாக இருக்காது. மலைக்குக் கிளம்ப ஒரு வாரம் பத்து நாள் முன்பே மாற்றிவிட்டு, கம்பத்துக்கும் தேனிக்குமாக நாலைந்து தடவை போய் வாருங்கள். காலியான சாலையில் 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இடையில் டிஸ்க் ஆற நேரம் கொடுத்து, இப்படிப் பத்துப் பதினைந்து தடவை செய்தால் சீக்கிரம் பொருந்தும். அந்த ஓட்டத்தில் அத்தையை ஏற்றாதீர்கள்.